பெண்ணைப் பெற்றவர் சொல்ல வேண்டிய வாக்கியம்

அரபு வகுப்பின் முதல் நாளில் நான் செய்த முதல் காரியம், தமிழைப் பற்றிப் பெருமையடித்தது. ஒவ்வொருவரும் எழுந்து தாய்மொழி எதுவென்று சொல்லி, அதில் மிகக் கடினமான ஒலியையும் சொல்லிக் காட்ட வேண்டும் என்றார் ஆசிரியை. சிரியாவிலிருந்து வந்தவர். கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பழுதென்று தெரிந்த பொருளைப் பார்ப்பது போல எங்களைப் பார்ப்பார். நான் எழுந்து 'ழ' என்றேன். இந்த ஒலிக்குப் பழகிய நாக்குக்கு உலகத்தில் வேறெதுவும் பெரிதல்ல என்று ஒரு வாக்கியத்தைக் கூடவே சேர்த்தேன். அவர் உடனே, 'த'வுக்கும் 'ல'வுக்கும் நடுவே கன்னத்தின் ஓரத்தில் எங்கோ பிறக்கும் ஓர் அரபு எழுத்தைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"இது முதல் சொன்ன அதே எழுத்துத்தானே. இருங்கோ" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் எல்லோரும் பேசியது ஆங்கிலம். அதை நான் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். சிரியாக்காரியும் இந்தோனேசியரும் நல்லூரில் பிறந்தவர்கள் போலக் கதைக்கிறார்களே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். எனக்கு வேறு பேச்சுத் தமிழ் வராது.

நான் ஏன் அரபு படிக்கப் போனேன் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது நான் வெளியே சொல்வது. நான் லண்டன் ஹரோவில் மருந்தாளன். அரபு மட்டுமே பேசும் முதியவர்கள் பலர் கடைக்கு வருகிறார்கள். 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்பதை ஒருவருக்குக் கையால் நடித்துக் காட்டியதில், அவர் என் தோளில் தட்டி என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார். இரண்டாவது காரணத்தை என் மனைவி வெளியே சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்திய வரைக்கும் எல்லோரும் பொறுத்தார்கள். பெற்றோரின் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கியதும் என்னைத் தேநீர் மேசைக்கு மாற்றினார்கள். அங்கும் நான் ஓயவில்லை. "மனுசரின்ரை நாக்கைப் பிடிச்சு இழுக்காமல் உங்களுக்கு இருக்க ஏலாது. உங்கடை நாக்கை ஆராவது பிடிச்சு இழுக்கிற இடமாப் பாத்துப் போங்கோ" என்று சொல்லி, கல்லூரி இணையதளத்தில் என் பெயரைப் பதிந்தது அவள்தான்.

எனக்கு அடுத்த கதிரையில் இருந்தவர்தான் அந்த இந்தோனேசியர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச். லிப்டுகள் பாதுகாப்பாக ஓடுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. எங்கள் கல்லூரி லிப்ட் வகுப்புத் தொடங்கிய நாளிலிருந்தே ஓடவில்லை. அவர் அதன் முன்னால் ஒரு கணம் நின்று, துக்க வீட்டில் நிற்பவர் போலத் தலையை ஆட்டிவிட்டுப் படியேறுவார். திருத்தினால் என்ன என்று கேட்டால், "நான் சோதிக்கிற ஆள். திருத்திற ஆள் வேறை" என்பார்.

முதல் நாளில் அவர் முறை வந்தபோது எழுந்து, தன் மொழி ஜாவா என்றார். கடினமான ஒலி?

"எங்கடை மொழியிலை கஷ்டமான ஒலி ஒண்டும் இல்லை. அதுதான் என்ரை பிரச்சினை."

ஆசிரியை அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் என்னைப் 'பாக்' என்று அழைப்பார். அவர்கள் ஊரில் வளர்ந்த ஆண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்களாம். ஐயா என்பதற்கும் அப்பா என்பதற்கும் நடுவே நிற்கும் சொல். பதிலுக்கு நான் அவரை அண்ணை என்றேன். 'ண்ணை'யை அவர் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னார். அதைத் திருத்த வழியில்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அவருக்கு அரபு புதிதல்ல. குழந்தைப் பருவத்திலிருந்து தினமும் ஓதுகிறவர். ஆனால் ஜாவாக்காரர்களுக்கு வழிவழியாக வந்த ஜாவா வாயால் ஓதினார். கடவுளுக்கு ஜாவா தெரியும் என்ற நம்பிக்கையில் அறுபதை நெருங்கும்வரை யாரும் அவரைத் திருத்தவில்லை. பிறகு அவருடைய ஒரே மகளுக்கு ஒரு எகிப்தியக் குடும்பத்துப் பையனோடு திருமணம் நிச்சயமானது. நிச்சயத்தன்று இவர் ஒரு பிரார்த்தனையைச் சத்தமாக ஓதியிருக்கிறார். முடித்ததும் மாப்பிள்ளையின் அத்தை கன்னத்தில் கைவைத்து, "ஐயோ, எவ்வளவு கியூட்!" என்றாராம்.

"இந்த மீசையைப் பாத்து, பாக். கியூட்!"

ஒரு கிழமைக்குப் பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் தொலைபேசியில் பேசினார். மிகவும் தன்மையான மனிதர். திருமணத்தன்று பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு அரபு வாக்கியம் இருக்கிறது. விரும்பினால் தகப்பன் அந்தப் பொறுப்பை இமாமிடம் கொடுக்கலாம். உங்களுக்கு ஏன் வீண் சிரமம், இமாமே சொல்லட்டும் என்றார் சம்பந்தி. சொன்னது மரியாதையாகத்தான். அதுதான் இவருக்குத் தைத்தது.

"எங்கடை ஊரிலையும் கனபேர் இமாமிட்டைக் குடுக்கிறவை" என்றார் என்னிடம். "தொண்டை அடைச்சு அழுகை வந்திடும் எண்டு பயந்து நாங்களாக் குடுக்கிறது ஒண்டு. உனக்கு உச்சரிப்பு வராது எண்டு அவை கேட்டு வாங்கிறது இன்னொண்டு. நான் சொல்லுவன், பாக். அரபியிலைதான் சொல்லுவன்."

ஆங்கிலத்தில் சொன்னாலும் செல்லும் அப்பா என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பிடிவாதம் இன்னும் முற்றியது. திருமணத்துக்கு வசந்த காலத்தில் நாள் வைத்திருந்தார்கள். எங்கள் வகுப்பு இலையுதிர் காலத்தில் தொடங்கியிருந்தது. நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் தொண்டையோடு போராடினார்.

அந்த வாக்கியத்தை யார் இயற்றியிருந்தாலும் ஜாவாக்காரரை மனத்தில் வைத்து இயற்றவில்லை. முதல் சொல்லின் வயிற்றில் ஒரு 'ஹ'. அரபியில் 'ஹ' இரண்டு. ஒன்று நாம் சும்மா விடும் மூச்சு. மற்றது தொண்டையின் நடுப்பகுதியை இறுக்கி, காய்ந்த காற்றாக வரவேண்டும். இரண்டாம் சொல் 'ஃஸ' என்று ஆரம்பிக்கிறது. வண்டு பறப்பது போல் அதிர வேண்டும். அவர் வாயில் அது 'ஜ'வாகிவிடும். மூன்றாம் சொல்லில், தொண்டையின் மேற்புறத்தை உரசி வரும் ஒரு 'க'. அவர் சொன்னால் அது சாதாரண 'க'வாக, குளித்துத் தலைவாரிக்கொண்டு வரும். மூன்று சொல்லில் மூன்று கண்ணிவெடி. கண்ணிவெடி என்ற சொல்லை நான் யோசிக்காமல் எழுதும் ஆள் அல்ல.

வகுப்பில் எங்கள் இருவரையும் ஆசிரியை அடுத்தடுத்து எழுப்புவார். தொண்டையின் ஆழத்தை நெருக்கிப் பிறக்கும் இன்னொரு எழுத்து உண்டு. அதை இந்தோனேசியர் 'ங' என்பார். ஜாவாவில் எல்லோரும் அப்படித்தானாம். நான் அதை வெறும் 'அ' என்பேன்.

"அவர் பிழையான எழுத்தையாவது சொல்லுறார்" என்றார் ஆசிரியை. "நீங்கள் சொல்லுறது எழுத்தே இல்லை. வெறும் ஓட்டை."

எங்கள் தொண்டைகள் புண்ணாகின. நான் கடையிலிருந்து தொண்டை மாத்திரைகள் கொண்டுபோய் வகுப்பு முழுக்கக் கொடுத்தேன். ஆசிரியை இந்தோனேசியரின் கையிலிருந்ததைப் பறித்துக்கொண்டார். "நோகட்டும். நோகிற இடத்திலைதான் எழுத்து இருக்கு."

ஆனால் அவரைக் கியூட் என்ற கதையைக் கேட்டபோது ஆசிரியைக்கு எங்களைவிடக் கோபம் வந்தது.

"எகிப்துக்காரரோ சொன்னவை? ஒட்டகத்தை நாங்கள் 'ஜமல்' எண்டுறம், எங்கடை ஒட்டகத்திலை 'ஜ' இருக்கு. அவையின்ரை ஒட்டகம் அதை வழியிலை எங்கேயோ விழுத்திப் போட்டு, 'கமல்' எண்டு வந்திட்டுது. அவையோ இவரைக் கியூட் எண்டது!"

அன்றிலிருந்து வகுப்பு முடிந்தபிறகும் இவருக்காக அவர் கொஞ்ச நேரம் நிற்கத் தொடங்கினார். அந்தத் தொண்டை 'ஹ'வுக்கு வழி காட்டியதும் அவர்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைப்பதற்கு முன் வாயருகே பிடித்து ஹா என்று ஊதுகிறோமே, அந்தக் காற்றுத்தான் அந்த எழுத்து. கண்ணாடியில் மூச்சின் ஆவி புகாராகப் படிந்தால் சரி. படியாவிட்டால் பிழை.

இதன் பிறகு மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் எங்களோடு வீடு திரும்பிய பயணிகள் பட்ட பாட்டுக்கு நான் பொறுப்பாளி. நடுத்தர வயது ஆண்கள் இருவர் எதிரெதிரே அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, ஹா, ஹா என்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒருவர் மற்றவருக்கு மதிப்பெண் போட்டால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? ஒரு பெண்மணி எழுந்து வந்து, எங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறு பெட்டிக்குப் போனார்.

வீட்டிலும் பயிற்சி செய்தேன்.

"என்னப்பா, பாத்ரூமுக்குள்ளை ஆரோடை சண்டை?"

"ஹ வருகுதோ எண்டு பாக்கிறன்."

"வந்தால் அதுக்கும் சேத்துத் துவாய் வேணுமோ?"

வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பழகத் தொடங்கியபோதுதான் அவர்கள் ஊர் முறையை அறிந்தேன். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தைச் சொல்லி, கடைசிச் சொல்லோடு அந்தக் கையை வெடுக்கென்று ஓர் ஆட்டு ஆட்டுவார். ஆட்டிய அந்த நொடியே மாப்பிள்ளை, ஏற்றுக்கொள்கிறேன் என்ற பதிலை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். இடையில் மூச்செடுக்கக் கூடாது. முடித்ததும் சாட்சிகளும் சொந்தக்காரரும் சேர்ந்து 'ஸாஹ்!' என்று கத்துவார்கள். செல்லும் என்று பொருள். தடுமாறினால் முதலிலிருந்து மறுபடி.

"ஏன் ஒரே மூச்சு?" என்று கேட்டேன்.

"இரண்டாவது மூச்சு எடுக்கிற மாப்பிள்ளை யோசிக்கிறான் எண்டு அர்த்தம்."

ஆகவே ரயிலில் அவர் என் கையைப் பிடித்து ஆட்ட, நான் அவர் மகளை ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்வேன். குளிர்காலம் முடிவதற்குள் அந்தப் பெண்ணைப் பல தடவை மணந்திருக்கிறேன். "இண்டைக்கு எத்தினை கலியாணம் முடிச்சுக்கொண்டு வாறியள்?" என்று மனைவி கதவைத் திறப்பாள்.

வசந்தத்தில் அந்த 'ஹ' வந்தேவிட்டது. எப்போதும் இல்லை, நிதானமாக இருந்தால், அதுவும் முதல் தடவை மட்டும் வரும். அடுத்த தடவைக்குத் தொண்டை களைத்து, பழைய ஜாவாவுக்குத் திரும்பிவிடும். "ஒண்டு காணும்" என்றார். "ஒருக்காத்தானே சொல்லப் போறன்."

திருமணம் ஆக்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் மனைவியும் போயிருந்தோம். ஒரு பக்கம் பத்திக் உடையில் இந்தோனேசியர்கள். பெண்ணின் மாமன்மார், ஜகார்த்தாவிலிருந்து வந்தவர்கள், முன்வரிசை. மறுபக்கம் எகிப்தியர்கள், அவர்களில் அந்த அத்தையை நான் உடனே கண்டுபிடித்தேன், அங்கே மிக அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நடுவில் ஒரு சின்ன மேசை, இளம் இமாம் ஒருவர், எதிரெதிரே மாமனாரும் மருமகனும். எகிப்திய வழக்கப்படி இருவர் கைகளையும் கோர்க்க வைத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை விரித்தார்கள்.

அவர் மேல்நோக்கி ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

என்ன சொல்ல! 'ஹ' வந்தது. மண்டபத்தில் இருந்த கண்ணாடிகள் எல்லாவற்றிலும் புகார் படிந்திருக்கும். 'ஃஸ' வண்டாகப் பறந்தது. 'க' உரசியது. எகிப்திய வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது, பிறகு இன்னொன்று. நான் மனைவியின் கையை இறுக்கினேன். கடைசிச் சொல்லோடு அவர் மருமகனின் கையை வெடுக்கென்று ஆட்டினார். கைக்குட்டை பறந்து இமாமின் மடியில் விழுந்தது.

மாப்பிள்ளை பேசாமல் இருந்தான்.

அவன் பிழையில்லை. எகிப்தியர் முறையில் இமாம் பதிலைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுக்க, மாப்பிள்ளை ஒவ்வொரு துண்டாகத் திருப்பிச் சொல்வான். அவன் அதற்காகக் காத்திருந்தான். இமாம் கைக்குட்டையை எடுத்து அழகாக மடித்தார். பிறகு முதல் துண்டைச் சொன்னார். மாப்பிள்ளை திருப்பிச் சொன்னான். இரண்டாம் துண்டு. ஒரு புன்னகை. மூன்றாம் துண்டு. எகிப்தியர்கள் வாழ்த்தத் தொடங்கினார்கள்.

இந்தோனேசிய வரிசையில் ஒருவரும் 'ஸாஹ்' என்று சொல்லவில்லை. மாமன்மார் மிகப் பணிவாகச் சிரித்துக்கொண்டு, மிகப் பணிவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே மூச்சு முறையைப் பற்றி மாப்பிள்ளையிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஜாவாக்காரர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. மழை மேலிருந்து கீழே பெய்யும் என்று யாராவது சொல்லி வைப்பார்களா? ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் தகப்பனைத் தயார் செய்தோம். மாப்பிள்ளை வேடம் கட்டிய எனக்கு மட்டும் பதில் நன்றாகப் பாடம்.

"இது செல்லும். தாராளமாச் செல்லும்" என்றார் இமாம்.

"செல்லும், செல்லும்" என்றார் மூத்த மாமன், தலையை இன்னும் ஆட்டிக்கொண்டே. "ஆனா இன்னொருக்காச் சொன்னால் இன்னும் வடிவாயிருக்கும்."

என் நண்பர் என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது எனக்கு மட்டுமே தெரியும்: அவரிடம் ஒரு 'ஹ'தான் இருந்தது, அதைச் செலவழித்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் குனிந்து, "இமாமே சொல்லட்டுமே..." என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டார்.

இரண்டாம் தடவை. பதற்றத்தில் 'ஹ' மூச்சாகக் கரைந்தது. ஆனால் அதைக் கவனிக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. உடனே பதில் சொல்ல வேண்டும் என்று யாரோ காதில் ஓதியிருந்ததால், மாமனார் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மருமகன் ஏற்றுக்கொண்டுவிட்டான். மண்டபம் வெடித்துச் சிரித்தது. "அவசரத்தைப் பாருங்கோ!" என்றாள் என் மனைவி என் காதில். "உங்களை விடக் கெட்டிக்காரன்." மணப்பெண் முகத்தை மூடிக்கொண்டாள், சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

மூன்றாம் தடவை அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தொண்டை, நாக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் மறந்தார். மருமகனின் கண்ணுக்குள் பார்த்து, நான் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறந்தாயோ பார் என்ற தோரணையில், அப்பட்டமான ஜாவா அரபியில் சொன்னார். 'ஃஸ' போய் 'ஜ' வந்தது. 'க' குளித்துத் தலைவாரி வந்தது. மாப்பிள்ளையின் தோள் கழன்றுவிடுமோ என்று நான் பயந்த அளவுக்குக் கையை ஆட்டினார். பையன் ஒரே மூச்சில், ஒரு பிசிறும் இல்லாமல், நீருக்கடியிலிருந்து மேலே வருபவனைப் போலச் சொல்லி முடித்தான்.

"ஸாஹ்!" என்று இந்தோனேசியர்கள் கத்தினார்கள். இந்தச் சத்தம் எகிப்தியர்களுக்குப் பிடித்துவிட்டது போலும், அவர்களும் கத்தினார்கள். அந்த அத்தை எல்லோரையும்விட உரக்க. என் மனைவியும் கத்தினாள். அவள் உச்சரிப்பு சரியில்லை. நான் திருத்தவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு, வகுப்புக்கு முன்னால், கல்லூரி வாசலில் அவர் தன் தொலைபேசியை நீட்டினார். மாப்பிள்ளையின் உறவுக்காரப் பையன் ஒருவன் திருமண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். மூன்று தடவையும் போட்டால் நீளம். எதை வைக்கட்டும் என்று கேட்டு மூன்றையும் அனுப்பியிருந்தான்.

"இமாமைக் கேட்டால் முதலாவதிலையே கலியாணம் முடிஞ்சுது. மச்சான்மாரைக் கேட்டால் மூண்டாவதிலைதான் முடிஞ்சுது. நீங்கள் சொல்லுங்கோ, பாக்."

"இதிலை என்ன கேள்வி, அண்ணை? முதலாவது. ஒரு குளிர்காலத்து உழைப்பு. அந்த 'ஹ' இனி உங்களுக்கு வராது. அவையின்ரை வீட்டிலை ஆயுளுக்கும் ஓடட்டும்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. பாருங்கோ இப்ப." சத்தத்தை நிறுத்திவிட்டு முதலாவதைப் போட்டார். திரையில் ஒரு மனிதர் மேலே பார்த்தபடி, கழுத்து நரம்பு புடைக்க, பல் வைத்தியரின் கதிரையில் இருப்பவர் போல வாயைத் திறந்தார். எதிரே இருந்த பையனை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

பிறகு மூன்றாவதைப் போட்டார். அதில் ஒரு தகப்பன் மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள் கேட்டவள், முதலாவதிலை ஆரோடை கதைச்சனீங்கள் அப்பா எண்டு."

அவர் சத்தத்தை மறுபடி ஏற்றி, மூன்றாவதை முழுதாகக் கேட்டார். அந்த 'ஜ' வந்த இடத்தில் என் முகம் தன்னையறியாமல் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"நோகுதோ, பாக்?"

"கொஞ்சம்."

"நோகட்டும்" என்று சொல்லி, மூன்றாவதை அனுப்பிவிட்டு, ஓடாத லிப்டைக் கடந்து படியேறினார்.